வானம் நமக்கும் உண்டு

இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு

பறவையைப் பார்த்து ஏங்காத மனிதன் உண்டோ? மனிதன் நீந்தக் கற்றான்; மலையேறக் கற்றான்; பறக்க மட்டும் நெடுங்காலம் அவனால் இயலவில்லை. புராணத்தில் புட்பக விமானம் படைத்தான். கதையில் பறக்கும் கம்பளம் விரித்தான். கற்பனையில் பறந்துகொண்டிருந்தவன் தான் கட்டிய இயந்திரத்தின் வலிமையால் உண்மையாகப் பறந்தது 1903 டிசம்பர் 17 அன்று. அமெரிக்காவில் கிட்டி ஹாக் அருகே கடற்கரை மணல்வெளியில், ரைட் சகோதரர்களின் விமானம் முதல் முறை 12 வினாடி காற்றில் நின்றது. 120 அடி தூரம் சென்றது. நம் கல்லூரி மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக்கூட அது போயிராது. ஆனால் அந்த 120 அடிதான் உலகத்தைச் சுருக்கியது.

இதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதற்கு முந்திய கதையைத்தான் பலர் அறிவதில்லை. 1878-இல் அவர்களுடைய தந்தை வெளியூரிலிருந்து வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆன பொம்மை அது. ரப்பர் வளையத்தை முறுக்கிவிட்டால் மேலே எழும்பிப் பறக்கும். அது உடைந்துபோனதும் சிறுவர்கள் சும்மா இருக்கவில்லை. அதைப் பார்த்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பொம்மைக்கு மூலம் பிரான்சு நாட்டு அல்போன்ஸ் பெனோ கண்ட அமைப்பு. அதே பெனோ, 1871-இல் பாரீஸ் நகரத்துத் துய்லரிப் பூங்காவில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றை 11 வினாடி பறக்கவிட்டுக் காட்டியவர். அது கடந்த தூரம் சுமார் 40 மீட்டர்.

ஆக, விமானம் வாகனம் ஆவதற்கு முன்னால் பொம்மையாக இருந்தது. விளையாட்டாகத் தொடங்கியதுதான் பிறகு விஞ்ஞானமாயிற்று.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? ஏறத்தாழ ஓராண்டுக் காலமாக நானும் ஒரு சிறு விமானம் செய்து, வானொலி அலையால் இயக்கிப் பறக்கவிட்டு வருகிறேன். ஊரிலும் கல்லூரியிலும் அதைப் பார்த்தவர் அனைவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இதனால் என்ன பயன்?" மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் கனம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா மாட்டு வண்டி செய்தவர். அப்பா தச்சர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு உளி பிடித்தவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வண்டிகள் ஓய்ந்து டிராக்டர்கள் வந்தன. மரக் கதவுகள் குறைந்து, ஆலையில் செய்த ஆயத்தக் கதவுகள் வந்தன. அப்பா இப்போது அடுத்தவர் செய்து அனுப்பிய கதவுக்குக் கீல் பூட்டுகிறார்.

இப்படிப்பட்ட வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவனின் நேரம் அவனுக்கு மட்டும் சொந்தமானதா? அவன் புத்தகத்தைத் திறந்தால் வீடு மகிழ்கிறது. மூடினால் வீடு கவலைப்படுகிறது. போட்டித் தேர்வு எழுத வேண்டும், அரசு வேலைக்குப் போக வேண்டும், தங்கையைப் படிக்க வைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பெல்லாம் அவன் தோள்மேல் இருக்கிறது. அதைச் சுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அன்பு. ஆனால் அன்புக்கும் எடை உண்டு.

அந்த வீட்டுக்கு நான் ஒரு நாள் போம் தகடும் மோட்டாரும் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா கேட்டார்: "ஏன் கண்ணு, இது சோறு போடுமா?"

அம்மாவின் கேள்வியில் தவறே இல்லை. திரைப்பட நடிகர் அஜித்குமார் மாதிரி விமானங்களில் ஆர்வம் கொண்டவர் என்பதும், 2018-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். "அவருக்குச் சரி, உனக்கெதற்கு?" என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். பொழுதுபோக்கு என்பது வசதி உள்ளவருக்கே உரியது. இல்லாதவனுக்குப் பொழுது போக்குவதற்கு இல்லை, பிழைப்பதற்கு என்பது நம் ஊர் எண்ணம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊரிலேயே விமானம் பறக்கவிடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தம்முடைய பழைய டிரான்ஸ்மிட்டரை 3,000 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தார். மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, இரண்டு சர்வோ, பேட்டரி, சார்ஜர், தகடு, பசை எல்லாம் சேர்ந்து இன்னும் 3,500 ஆயின. ஆக மொத்தம் 6,500 ரூபாய். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் தருவார்கள். ஆகவே என் விமானத்தின் விலை 13 முகூர்த்தங்கள். வீட்டுப் பணத்தில் ஒரு காசும் தொடவில்லை.

காகிதத்தில் இருந்தது கைக்கு வந்தது

விமானத்தின் உடல் விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் போம் தகட்டால் ஆனது. இறக்கையின் நீளம் ஒரு முனை முதல் மறு முனை வரை 120 சென்டிமீட்டர். அகலம் 20 சென்டிமீட்டர். மூக்கில் ஒரு மோட்டார். வாலில் இரண்டு அசையும் தகடுகள். கிடையாக இருப்பது எலிவேட்டர். அது மூக்கை ஏற்றும், இறக்கும். செங்குத்தாக இருப்பது ரட்டர். அது இடம் வலம் திருப்பும். இந்தத் தகடுகளை அசைப்பது சர்வோ எனப்படும் தீப்பெட்டியளவுச் சிறு இயந்திரம். ஒன்றின் எடை 9 கிராம்.

கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரின் குச்சியை நான் அசைத்தால், வானில் உள்ள தகடு எப்படி அசைகிறது? விமானத்தில் உள்ள ரிசீவர், சர்வோவுக்கு வினாடிக்கு 50 துடிப்புகள் அனுப்புகிறது. ஒரு துடிப்பு ஒன்றரை மில்லி வினாடி நீண்டால் தகடு நடுவில் நிற்கும். ஒரு மில்லி வினாடியாகக் குறைந்தால் ஒரு பக்கம் சாயும். இரண்டாக நீண்டால் மறுபக்கம் சாயும். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியைக் கொண்டு ஒரு பொருளுக்குக் கட்டளை இடுகிறோம்! இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ரிசீவரின் ஆன்டெனா நுனியில் மேலுறை இல்லாமல் சுமார் 3.1 சென்டிமீட்டர் நீளம் மட்டும் வெளியே தெரியும். 'ஏன் இந்த அளவு?' என்று அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் தெரியாது தம்பி, வெட்டிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு 3.1 சென்டிமீட்டர்! அலைநீளத்தின் கால் பங்கு ஆன்டெனாவைப் பற்றித் தேர்வுக்காக உருப்போட்டிருந்தேன். மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அது என் உள்ளங்கையில் ஒரு வெள்ளிக் கம்பியாக வந்து கிடந்தபோதுதான் அந்தச் சூத்திரத்தை எனக்குச் சொந்தமாக உணர்ந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்று நீண்ட வழி போக வேண்டியிருக்கிறது. கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் மறுமுனையை அடைய வேண்டுமாகையால் அது விரைந்து ஓடுகிறது. அதனால் அழுத்தம் குறைந்து விமானம் எழுகிறது என்ற விளக்கம் பல புத்தகங்களில் இருக்கிறது. நான் முதலில் செய்தது மோட்டார் இல்லாத, கையால் எறியும் தெர்மாகோல் விமானம். அதன் இறக்கை வெறும் தட்டை. மேலும் கீழும் ஒரே நீளம். ஆயினும் அது பறந்தது! பெரிய விமானங்கள் தலைகீழாகப் பறந்து காட்டுவதும் உண்டல்லவா? அப்படியானால் அந்த விளக்கத்தில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும்.

எங்கள் பேராசிரியரிடம் அந்தத் தெர்மாகோல் விமானத்தோடு போய் நின்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். அழுத்த வேறுபாடு உண்மை. பெர்னோலி சொன்னதிலும் குற்றமில்லை. 'ஒரே நேரத்தில் அடைய வேண்டும்' என்பதுதான் தவறு. அப்படி ஒரு விதியே கிடையாது. மேற்காற்று முந்திக்கொண்டே போய்விடுகிறது. சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த இறக்கை காற்றைக் கீழே திருப்பித் தள்ளுகிறது; நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அழுத்த வேறுபாடும் இந்தத் தள்ளுதலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். ஐந்து ரூபாய்த் தெர்மாகோல் துண்டு ஒரு புத்தகத்தைக் கேள்வி கேட்க எனக்குத் துணிவு தந்தது.

முன்பாரம், பின்பாரம்

இறக்கைக்குள் முதுகெலும்பு போல ஒரு சட்டம் வேண்டும். மாதிரி விமானக்காரர்கள் பால்சா மரம் பயன்படுத்துவார்கள். தென் அமெரிக்க நாடான எக்வடோரில் மிகுதியாக விளைவது அது. அண்ணன் ஒரு சிறு துண்டு கொடுத்திருந்தார். அப்பா அதைக் கையில் வாங்கினார். ஒரு கணம் கை மேலே போய்விட்டது. மரத்துக்கு உரிய கனத்தை அவர் கை எதிர்பார்த்திருந்தது போலும். "இது மரமாடா, பஞ்சாடா?" என்றார். தேக்கின் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் பால்சா. முப்பது ஆண்டுகள் மரத்தோடு வாழ்ந்தவர் அந்தத் துண்டை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் கீறினார், முகர்ந்தார். பிறகு, "இவ்வளவு நீளத்துக்கு இது எங்க கிடைக்கும்? மூங்கில் போதும்" என்று சொல்லி, தாமே ஒரு முற்றிய மூங்கிலைப் பிளந்து சீவினார். "தோல் பக்கம் கீழ இருக்கணும். அதுதான் இழுப்புத் தாங்கும்" என்றார்.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அப்போது கீழ்ப்புறம் இழுபடும், மேற்புறம் அமுங்கும். மூங்கிலின் வெளிப்புற நார்களே நெருக்கமும் வலுவும் மிக்கவை. சட்டங்களின் வளைவைப் பற்றி முதலாண்டில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அப்பா அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

விமானம் உருப்பெற்ற பின் அதன் ஈர்ப்பு மையத்தைச் சரிபார்க்க வேண்டும். அது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் நான்கில் ஒரு பங்கு தொலைவில், என் கணக்குப்படி 5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். இதை எப்படி அப்பாவுக்குச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் இறக்கையின் அடியில் இரு பக்கமும் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினார். வால் தாழ்ந்தது.

"பின்பாரமா இருக்குடா" என்றார்.

எனக்கு மெய் சிலிர்த்தது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் சொல்லும் சொல் அது. பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகம் கழுத்தை அழுத்தி மாட்டை மண்டியிட வைக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி அடங்கி ஓடும். விமானத்துக்கும் இதே நீதிதான்! முன்பாரம் மிகுந்தால் மூக்கு தாழ்ந்து எழும்பத் திணறும். பின்பாரமானாலோ மூக்கு எகிறும், தடுமாறும், விழும், கட்டுப்படுத்துவது அரிது. பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னே நகர்த்தினோம். விமானம் அப்பாவின் விரல்கள்மேல் துலாக்கோல் போல நின்றது. தாத்தாவின் வண்டிப் பட்டறையில் பிறந்த சொல், என் விமானத்தைச் சமன் செய்தது.

அன்றுவரை நான் என்ன நினைத்திருந்தேன்? எங்கள் வீட்டில் படிப்பு என்னிலிருந்துதான் தொடங்குகிறது என்று. ஊரும் உலகமும் அப்படித்தான் சொல்கின்றன. சான்றிதழும் அப்படித்தான் சொல்கிறது. பட்டம் என்னிலிருந்து தொடங்கலாம். அறிவு என்னிலிருந்து தொடங்கவில்லை.

காற்றின் பள்ளிக்கூடம்

2021-இல் நம் நாட்டில் வந்த ட்ரோன் விதிகள், வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரித்தன. விமான நிலையம் போன்ற இடங்களின் அருகே நினைத்தபடி பறக்கவிட முடியாது. ஆகவே இடம் பார்த்து, விதி அறிந்து, பெரியவர் ஒருவர் துணையோடுதான் தொடங்க வேண்டும். சுழலும் புரொப்பெல்லர் விரலை வெட்டும். லித்தியம் பேட்டரி அடிபட்டால் தீப்பற்றும். இதில் அலட்சியம் கூடாது. வீடுகளும் மின்கம்பிகளும் இல்லாத எங்கள் ஊர் ஏரி, வைகாசியில் வற்றிக் கிடந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு ஓர் இலையும் அசையாது. அதுவே தக்க வேளை.

அண்ணன் விமானத்தை மேலே ஏற்றி, இரண்டு தென்னை உயரத்தில் வட்டமிட வைத்து, டிரான்ஸ்மிட்டரை என் கையில் கொடுத்தார். என் விரல்கள் நடுங்கின, விமானமும் நடுங்கியது. "தம்பி, குச்சியை விட்டுடு. அது தானாப் பறக்கும்" என்றார். விட்டேன். விமானம் ஒருமுறை ஆடி, தானே நிமிர்ந்து, நேராகச் சென்றது! இறக்கையின் இரு முனைகளையும் சற்று மேலே தூக்கி வைத்துக் கட்டியிருந்ததன் பயன் அது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே சறுக்கும், சறுக்கினால் தாழ்ந்த இறக்கைக்குத் தூக்கு விசை கூடும், கூடினால் நிமிரும். அப்பா மூலைமட்டம் வைத்து இரு பக்கமும் மயிரிழை பிசகாமல் கட்டிய கோணம் அது.

இதில் பழகக் கடினமானது எது தெரியுமா? விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்று. திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். கை ஒன்று செய்ய, விமானம் மற்றொன்று செய்வதுபோல் தோன்றும். அதற்கு அண்ணன் ஓர் உபாயம் சொன்னார்: "எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, முட்டுக் கொடுக்கிற மாதிரி." நாளடைவில் விமானத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் கண் எனக்கு வந்தது. நான் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் பாராமல், எதிரே வருபவரின் இடத்திலிருந்தும் பார்க்கப் பழகினேன். மேலே சொன்ன அண்டை வீட்டாரிடம் எனக்கு இருந்த கோபமும் அதன்பின் குறைந்தது.

ஒருநாள் இரவு கணக்கு நோட்டை எடுத்தேன். விமானத்தின் எடை 720 கிராம். இறக்கைப் பரப்பு 0.24 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். தூக்குக் கெழுவின் உச்சம் 1.2 என்று கொண்டேன். இவற்றைச் சூத்திரத்தில் இட்டால், மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் இந்த விமானம் காற்றில் நிற்காது என்று விடை வந்தது. வேகமாகச் சைக்கிள் மிதிப்பவனின் வேகம் அது. மறுநாள் காலை நல்ல உயரத்தில் மோட்டார் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தேன். சைக்கிள் வேகத்துக்கு வந்ததும், யாரோ நூலை அறுத்தாற்போல மூக்கு கவிழ்ந்தது. வேகம் கொடுத்ததும் நிமிர்ந்தது. நான் நோட்டில் எழுதிய எண்ணைக் காற்று ஏற்றுக்கொண்டது! எந்தத் தேர்வுத் தாளும் எனக்கு அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

விழுந்த நாள்

ஆடிக்கு முந்திய வாரம். காற்று அமைதியாகத்தான் இருந்தது. விமானம் ஏரியின் மேல் திரும்பிக்கொண்டிருந்தது. திடீரென்று எலிவேட்டர் சொன்ன சொல் கேட்கவில்லை. சர்வோவுக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று உடைந்துபோயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. மூக்குக் குத்தி நேராகச் சீமைக் கருவேல முட்களுக்குள் பாய்ந்தது. 13 முகூர்த்தங்களும் அந்த முள்ளுக்குள் கிடந்தன. ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "போச்சா?" என்று கேட்டார். "போச்சு தாத்தா" என்றேன்.

துண்டுகளைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். 'இப்போதாவது விடு' என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்பா சாக்கை அவிழ்த்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினார். மூங்கில் சட்டம் முறியவில்லை. மோட்டார் சுழன்றது. ரிசீவரும் பிழைத்திருந்தது. "பசை இருக்காடா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கலையின் வரலாறே விழுந்ததை எடுத்து ஒட்டியவர்களின் வரலாறு. 1937-இல் அமெரிக்காவின் கலமாசூ நகரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டு இக்கலைக்கு முன்னோடிகள் ஆனார்கள். அப்போது அவர்களும் நம் வயதினரே. அவர்களுடைய 'குஃப்' என்னும் அந்த விமானம் பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மேனார்ட் ஹில் என்பவர் 2003 ஆகஸ்டு 9 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து 5 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள ஒரு மாதிரி விமானத்தை அட்லாண்டிக் கடலை நோக்கி எறிந்தார். அது 38 மணி 52 நிமிடம் பறந்து, சுமார் 3,000 கிலோமீட்டர் கடந்து அயர்லாந்துக் கரையில் இறங்கியது. அதற்கு முன் அவர் அனுப்பியவை கடலோடு போயிருந்தன. அப்போது அவருக்கு வயது 77. கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது.

எங்கள் விமானம் ஆவணியில் மீண்டும் எழுந்தது. பார்வைக்கு ஒட்டுப்போட்ட சட்டை போல இருந்தது. எடை 30 கிராம் கூடியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அண்ணனுக்குக் கடையில் வேலை. கையால் எறிந்து ஏற்றும் விமானத்துக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் எறிய, ஒருவர் இயக்க. அப்பா முதன்முறையாக ஏரிக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்தார். "எப்படிடா எறியணும்?" என்று கேட்டார். "நேரா, ஈட்டி மாதிரி விடுங்கப்பா, மேல தூக்க வேணாம்" என்றேன். நான்கு எட்டு ஓடினார், விட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர், தம் கையை விட்டுப் போன ஒன்று திரும்ப நிலத்துக்கு வராமல் மேலே மேலே போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கதவு செய்தார், கட்டில் செய்தார், ஏர்க்கலப்பை செய்தார். அவர் செய்தவை எல்லாம் மண்ணில் நின்றவை. வானத்தில் நின்றது இது ஒன்றுதான். பத்து நிமிடம் பறந்தது. அவர் வாய் திறக்கவில்லை. இறங்கிய பின், "பின்பாரம் இல்ல. நல்லாப் போவுது" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர்தான் அதைச் சுமந்து வந்தார், என்னிடம் தரவில்லை.

என் விடை

"இது சோறு போடுமா?" என்று அம்மா கேட்டார். போடாது. இதனால் எனக்கு வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். போட்டித் தேர்வுக்கும் படிக்கிறேன், பந்தியும் பரிமாறுகிறேன். ஆனால் நண்பர்களே, சோறு போடாதவை எல்லாம் பயனற்றவை என்றால் அம்மா வாசலில் போடும் கோலத்தை என்னென்பது? கார்த்திகையில் ஏற்றும் விளக்கை என்னென்பது? தாத்தா தாம் செய்த வண்டியின் முகப்பில் யாரும் கேளாமலே செதுக்கிய பூவை என்னென்பது?

ஏழைக்குக் கல்வி வேண்டும் என்று நம் முன்னோர் போராடினார்கள்; பெற்றார்கள். அந்தக் கல்வி வேலைக்கான நுழைவுச் சீட்டு மட்டும்தானா? 'ஏன்?' என்று கேட்டு, கையால் செய்து பார்த்து, வியந்து நிற்கும் இன்பமும் அந்த உரிமையில் அடங்கியதல்லவா? நாம் முதல் தலைமுறை. ஆகவே நமக்கு நேரமில்லை என்கிறார்கள். நாம் முதல் தலைமுறை என்பதால்தான் அந்த இன்பம் நமக்கு இன்னும் அவசியம் என்கிறேன் நான். பாடத்தை மனப்பாடம் செய்தவன் தேர்வு முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். கையால் செய்து பார்த்தவனுக்கு அது தங்கிவிடுகிறது.

நம் வகுப்பில் தறி நெய்பவர் மகன் இருக்கிறார். குயவர் மகள் இருக்கிறார். மெக்கானிக்கின் தம்பி இருக்கிறார். அவரவர் வீட்டிலும் 'பின்பாரம்' போன்ற ஒரு சொல் காத்திருக்கும். அது எந்தப் பாடத்தின் எந்தப் பக்கத்தில் போய்ச் சேருகிறது என்று தேடிப் பாருங்கள். தேடிக் கண்டுபிடித்த நாளில் உங்கள் பெற்றோர் படிக்காதவர் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கியதோடு நில்லாமல், மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். அந்த மாணவருள் ஒருவர்தான் அப்துல் கலாம். நம் கல்லூரிக்குக் கடற்கரை இல்லை, மைதானம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தராசு இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரிய அனுமதி பெற்று, விரும்பும் மாணவர்கள் கூடிச் செய்து பார்க்க ஒரு மன்றம் அமைத்துத் தாருங்கள். மோட்டாரும் டிரான்ஸ்மிட்டரும் தொடக்கத்திலேயே வேண்டியதில்லை. ஆளுக்கு ஐந்து ரூபாய்த் தெர்மாகோல் போதும். மூக்கில் சிறிது களிமண் போதும். என்னிடம் உள்ள விமானத்தை மன்றத்துக்குக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

முன்பாரம் பின்பாரம் பார்த்துச் சொல்ல அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.